சேவ் ஆச்சு என்று திரை சொன்ன பிறகு

நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸ் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டியவர்கள் யாராவது, மெமரி கார்டில் இருக்கும் கேம்களை அதில் ஓட்டும் ஃப்ளாஷ் கேசட் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை செகண்டுல லோட் ஆகும்?" அடுத்தது, "எத்தனை கேம் பிடிக்கும்?" சேலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ரொம்பப் பேர் இல்லை. சாயங்காலம் தட்டுவடை செட் கடை முன்னால் நின்றால் ஒரே வட்டத்தில் அடங்கிவிடுவோம். அங்கேயும் பேச்சு லோடிங் வேகத்தைச் சுற்றித்தான் ஓடும். விளையாடி முடித்துச் சேவ் செய்தது எங்கே போய் உட்காருகிறது, எதை நம்பி உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு, ஒரு ஃப்ளாஷ் கேசட்டைப் பற்றி நான் முதலில் கேட்பது அதைத்தான். லோடிங் என்பது எப்போதோ தீர்ந்துபோன விஷயம். செய்தவர் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார் என்பது சேவில்தான் தெரியும். அது கெட்டுப்போனால் பழி விளையாடியவர் தலையில் விழக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வருகிறேன்.

லோடிங்கை ஏன் தீர்ந்துபோனது என்கிறேன்

கேம்பாய் அட்வான்ஸ் 2001-இல் வந்தது. அதன் கேசட்டை ஒரு மெமரி கார்டு போல நினைத்துக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. அந்தக் கருவியின் பிராசசர் 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்7. கேசட்டில் இருக்கும் கேமை அது எங்கும் நகலெடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. கேசட்டுக்குள் இருக்கும் ரோம் சிப்பே (கேம் பதிந்திருப்பது, படிக்க மட்டும் முடிந்தது) அதன் முகவரி வரைபடத்தில், அதாவது பிராசசர் நேராகத் தொடக்கூடிய நினைவக இடங்களில், ஒரு பகுதி. 32 மெகாபைட் வரை இடம் உண்டு. எந்த பைட்டைக் கேட்டாலும் அந்தக் கணமே கிடைக்க வேண்டும். அதனால்தான் அசல் கேசட்டில் லோடிங் என்ற ஒன்றே கிடையாது. சுவிட்சைத் தள்ளினால் கேம் வந்துவிடும். மெமரி கார்டு அப்படி வேலை செய்யாது. 512 பைட் 512 பைட்டாகத்தான் கொடுக்கும், அதையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கேம்பாயின் பிராசசர் தாங்காது.

ஆகவே ஃப்ளாஷ் கேசட் (இனி வெறுமனே கார்டு என்றால் இதுதான்) செய்பவர்கள், மெமரி கார்டில் இருக்கும் கேமை முதலில் வேறொரு சிப்புக்கு மாற்றி, அந்தச் சிப்பைக் கேம்பாயிடம் காட்டுகிறார்கள். இதற்கு இரண்டு வழி. ஒன்று பிஎஸ்ரேம்: மெமரி கார்டிலிருந்து அதற்கு நகலெடுக்கச் சில செகண்டு ஆகும், சுவிட்சை அணைத்தால் அழிந்துவிடும், அடுத்த தடவை மறுபடி நகலெடுக்க வேண்டும். இன்னொன்று நார் ஃப்ளாஷ்: பழையதை பிளாக் பிளாக்காக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும் என்பதால் எழுத நிமிடக் கணக்கில் பிடிக்கும்; ஆனால் ஒரு தடவை எழுதிவிட்டால் அசல் கேசட் போலவே உடனே வரும். ஈஸி-ஃப்ளாஷ் ஒமேகா மாதிரி கேசட்டுகளில் இரண்டுமே இருக்கின்றன, 32 மெகாபைட் பிஎஸ்ரேம், 64 மெகாபைட் நார். தினமும் ஆடுவதை நாரிலும் மற்றதைப் பிஎஸ்ரேமிலும் வைத்துக்கொண்டால் முடிந்தது. லோட் ஆகவில்லையா, அணைத்துவிட்டு மறுபடி லோட் செய்யலாம். அதில் யாருக்கும் எதுவும் தொலைந்துபோவதில்லை.

சேவ் வேறு மாதிரி. அது விளையாடியவரின் நேரம். திரும்ப நகலெடுக்க அதற்கு வேறு மூலப்பிரதி இல்லை.

கேம் ஒன்றை நினைக்கிறது, கார்டு வேறொன்றைச் செய்கிறது

அசல் கேசட்டுகளில் சேவ் செய்ய மூன்று வகைச் சிப்பு உண்டு. 512 பைட் அல்லது 8 கிலோபைட் ஈஈப்ராம். 32 கிலோபைட் எஸ்ரேம், கூடவே ஒரு பட்டன் பேட்டரி. 64 அல்லது 128 கிலோபைட் ஃப்ளாஷ். ஈஈப்ராமும் ஃப்ளாஷும் மின்சாரம் இல்லாமலே எழுதியதை வைத்திருக்கும். எஸ்ரேமுக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரி போனால் எல்லாம் போச்சு.

ஃப்ளாஷ் கேசட்டில் இந்த மூன்றையும் வைக்க முடியாது. பெரும்பாலும் ஒரே வகைதான் இருக்கும், எஸ்ரேம். அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் போல நடிக்க வேண்டும். முதலில் அந்தக் கேம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா? நிண்டெண்டோ கொடுத்த சேவ் நிரல்களைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு கேமுக்குள்ளும் ஓர் அடையாள வரி கிடக்கும்: 'எஸ்ரேம்_வி', 'ஈஈப்ராம்_வி', 'ஃப்ளாஷ்1எம்_வி' என்று. கார்டில் கேமை ஏற்றும் நிரலான லோடர், கேம் முழுக்க அதைத் தேடிக் கண்டுபிடித்து, சேவ் செய்யும் நிரலை அங்கேயே மாற்றி எழுதிவிடுகிறது. ஃப்ளாஷ் சிப்பின் இந்தப் பகுதியை அழி, இதை எழுது என்று கேம் கட்டளை கொடுக்கும் இடத்தில், சும்மா எஸ்ரேமில் எழுது என்று ஆகிவிடும். இது சரியாக அமையாவிட்டால் போக்கிமான் மாதிரி கேம்கள் '1எம் சப்-சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை' என்று திரையில் சொல்லி நின்றுவிடும். அந்த வரியைப் பார்த்துப் பயந்து எனக்கு ஃபோன் செய்தவர்கள் உண்டு. அது நல்ல வரி. சேவ் செய்ய முடியாது என்று ஆரம்பத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

சிக்கல் இருப்பது சரியாக அமைந்த பிறகுதான். ஃப்ளாஷ் சிப்பில் எழுதிவிட்டோம், இனி வருடக்கணக்கில் இருக்கும் என்று கேம் நினைக்கிறது. நிஜத்தில் அது எழுதியிருப்பது ஒரு பட்டன் பேட்டரியை நம்பி நிற்கும் எஸ்ரேமில். பழைய வகைக் கார்டுகளில் அந்த எஸ்ரேமிலிருந்து மெமரி கார்டுக்கு எப்போது நகல் போகிறது தெரியுமா? அடுத்த தடவை சுவிட்சைப் போடும்போது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்வரை கார்டின் சொந்த நிரலுக்கு வேலை இல்லை. கேம்பாயின் சுவிட்சோ ஒரே தள்ளில் மின்சாரத்தைத் துண்டிப்பது. அணைக்கப் போகிறோம், ஏதாவது எழுத வேண்டியது இருந்தால் எழுதிக்கொள் என்று யாருக்கும் சொல்லாது. ஆக, இன்று சாயங்காலம் சேவ் செய்தது மறுபடி கருவியைப் போடும்வரை அந்தச் சின்ன பேட்டரியின் தயவில்தான் இருக்கிறது.

நாகலூரில்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். மச்சான் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கிறார். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அங்கே கரண்ட் போவதும் வருவதும் யாரும் கணக்கு வைக்காத விஷயம். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா எனக்கு வாங்கி வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியை, அக்கா மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது கொடுத்துவிட்டேன். திரையில் விளக்கு இருக்கிறது, சார்ஜ் நிற்கிறது. கரண்ட் இல்லாத சாயங்காலத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. தீபாவளிக்கு மச்சான் அவளுக்கு ஒரு ஃப்ளாஷ் கேசட் வாங்கிக் கொடுத்தார். அவள் அதில் போக்கிமான் எமரால்டு ஆடினாள். மட்கிப் என்ற போக்கிமானை எடுத்து ஆரம்பித்து, அது வளர்ந்து ஸ்வாம்பர்ட் ஆகி, அதற்கு 'சேர்வா' என்று பெயர். சேர்வராயன் மலையில் இருக்கிற பிள்ளை வேறு என்ன பெயர் வைக்கும்? மாஸ்டீப் ஊரின் இரட்டையரை ஜெயித்து ஏழாவது பேட்ஜ் வாங்கிய அன்று எனக்கு ஃபோன் செய்து அந்தச் சண்டையை முதல் அடியிலிருந்து சொன்னாள். எந்தப் போக்கிமான் எப்போது விழுந்தது என்பது உட்பட.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கேம்பாய் பீரோவுக்குள் போய்விட்டது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று வெளியே எடுத்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள். திரையில் 'நியூ கேம்', 'ஆப்ஷன்ஸ்', அவ்வளவுதான். 'கன்டின்யூ' இல்லை. ஏதோ பிழை என்றுகூட ஒரு வரி இல்லை. அந்தக் கேசட்டில் இதுவரை யாருமே விளையாடவில்லை என்பது மாதிரி.

வீட்டில் எல்லோரும் சொன்னது, "பாதியில ஆஃப் பண்ணியிருப்ப." அவள் திரும்பத் திரும்பச் சொன்னது, "இல்லம்மா, சேவ் ஆச்சுன்னு வந்துச்சு. நான் படிச்சுட்டுத்தான் ஆஃப் பண்ணேன்." அழுததைவிட, தன்னை யாரும் நம்பவில்லை என்பதில்தான் அவளுக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கியிருந்தது, டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டு ஓட்டினார். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை: அவள் சொல்வது நிஜம் என்றால் அதற்குத் தடயம் எங்காவது இருக்க வேண்டும்.

131,072 பைட்

மெமரி கார்டை மச்சானின் லேப்டாப்பில் போட்டேன். சேவ் கோப்பு இருந்தது. அளவு 131,072 பைட், அதாவது சரியாக 128 கிலோபைட். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தேன்.

எமரால்டு எப்படிச் சேவ் செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 128 கிலோபைட்டை 4 கிலோபைட் வீதம் 32 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு முழுச் சேவுக்கு 14 பகுதி. அப்படி இரண்டு பிரதிகளுக்கு இடம் உண்டு. இன்று முதல் இடத்தில் எழுதினால் அடுத்த தடவை இரண்டாவது இடத்தில், அதற்கடுத்து மறுபடி முதலாவதில் என்று மாற்றி மாற்றி எழுதும். எது புதியது என்று சொல்ல ஓர் எண் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் அதற்கான கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு ஒன்று, கூடவே எப்போதும் மாறாத நான்கு பைட் முத்திரை: 25 20 01 08. சேவ் செய்துகொண்டிருக்கும்போதே யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் என்ன ஆகும்? எழுதிக்கொண்டிருந்த பிரதி மட்டும்தான் கெடும். அடுத்த தடவை கேம் அதைக் கண்டுபிடித்து, சேவ் கோப்பு கெட்டுவிட்டது, முந்தையதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய பிரதியிலிருந்து தொடரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. லேப்டாப் சாப்பாட்டு மேசைமேல். பக்கத்தில் அவள், பின்னால் அக்கா நின்றபடி. 25 20 01 08 என்று தேடச் சொன்னேன். ஒன்றுகூட இல்லை. 32 பகுதிகளில் ஒன்றிலும் இல்லை. கீழே தள்ளிக்கொண்டே போனேன்: வரிசையாகப் பூஜ்யம், அப்புறம் வரிசையாக எஃப்எஃப், நடுவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள், மறுபடி பூஜ்யம். மின்சாரம் அற்றுப்போய் மறுபடி உயிர்பெற்ற எஸ்ரேமை அப்படியே நகலெடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

அவள் பாதியில் அணைத்திருந்தால் ஒரு பிரதி கெட்டிருக்கும், இன்னொன்று நின்றிருக்கும், திரையில் அந்த எச்சரிக்கை வந்திருக்கும். இரண்டு பிரதியிலும் ஒரு முத்திரைகூட இல்லாதபோதுதான் இந்தக் கேம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் 'நியூ கேம்' காட்டும். முத்திரையே இல்லாத சிப்பு அதன் கணக்கில் இதுவரை யாரும் தொடாத சிப்பு. அவள் என்ன பிழை செய்திருந்தாலும் இந்த விளைவு வந்திருக்காது. அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "நான்தான் கண்ணு அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்றாள். பிள்ளை அதற்குப் பதில் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அப்போ எதுக்கு மாமா சேவ் ஆச்சுன்னு சொல்லுச்சு?"

கேமுக்கு அது தெரியாது கண்ணு, வேறொரு சிப்புக்குள் எழுதுகிறோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை என்று விளக்கினேன்.

"தெரியலைன்னா சொல்லக்கூடாதுல்ல."

இதற்கு அங்கே என்னிடம் பதில் இல்லை. இறங்கி வரும்போதும் இல்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வாக்கியம்தான்.

பேட்டரி

கேசட்டைச் சேலத்துக்கு எடுத்து வந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மணல் பருமன் இருக்கிற கண்ணிகளை நாள் முழுக்கப் பற்றவைக்கிற கை அது. மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே ஒரு சிஆர்1616 பட்டன் பேட்டரி. மல்டிமீட்டர் வைத்தால் 3 வோல்ட் காட்ட வேண்டியது, 1.3 காட்டியது. எழுதியதைப் பிடித்துவைக்க எஸ்ரேமுக்குப் பொதுவாக 1.5, 2 வோல்ட் அளவிலாவது வேண்டும். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத கார்டு. ஏன் அதற்குள் தீர்ந்தது என்று பார்க்க, புது பேட்டரி வைத்து, கேசட்டைக் கருவியில் செருகாமலேயே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்தோம். 50 மைக்ரோ ஆம்பியரை ஒட்டி நின்றது. சிஆர்1616-இல் இருப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் ஆயிரம் மணி நேரம், ஆறு வாரம். தீபாவளிக்கு வாங்கியது அரையாண்டுப் பரீட்சைக்குள் தீர்ந்துவிடுகிறது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியரில் நின்றிருக்கும், அதே பேட்டரி வருடக்கணக்கில் வந்திருக்கும்.

நிண்டெண்டோவின் பழைய கேம்பாய் கேசட்டுகளை யாராவது திறந்து பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். 90-களில் செய்த அந்தப் பலகையில் ரோம், எஸ்ரேம், பேட்டரி தவிர எம்எம்1026, எம்எம்1134 என்று எழுதிய ஒரு குட்டிச் சிப்பு இருக்கும். அதன் வேலை மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான். கருவி அணைகிறது, வோல்ட் இறங்குகிறது என்றதும் எஸ்ரேமின் கதவை அடைத்துவிட்டு அதைப் பேட்டரிக்கு மாற்றிவிடும். கதவு அடைத்த எஸ்ரேம் மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதுவும் போதாது என்று, கேம் சேவ் செய்யும் நேரம் மட்டும் ஒரு குறிப்பிட்ட எண்ணை எழுதி எஸ்ரேமைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடும் வழக்கம் வேறு. அணையும் கணத்தில் தடுமாறும் பிராசசர் கண்ட இடத்தில் எழுதிவிடாமல் இருக்க. அந்தத் தலைமுறைக் கேசட்டுகள் பல, பத்து வருடம் தாண்டியும் சேவ் வைத்திருந்தன. இந்தக் கார்டில் அந்தச் சிப்புக்கு இணையான ஒன்றையும் காணோம். மிச்சம் பிடித்தது சில ரூபாயாக இருக்கும். அதற்கு விலை கொடுத்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை.

நண்பர் பலகையில் இரண்டு கம்பியை இழுத்து ஒரு பேட்டரி ஹோல்டர் வைத்துக் கொடுத்தார். பேட்டரிமேல் நேராகச் சால்டர் வைக்க மாட்டேன் என்றார், சூடு பட்டால் அதுவே கெட்டுவிடும். ஆனால் மின்னோட்டக் கசிவு அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கார்டை யாரும் நம்பி விளையாட நான் கொடுக்க மாட்டேன்.

அதைவிட வலிக்கும் விஷயம்

பேட்டரி தீர்ந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். எந்தப் பேட்டரியும் ஒரு நாள் தீரும். என்னால் ஏற்க முடியாதது வேறு. பரீட்சைக்கு முன்னால் அவள் தினமும் விளையாடினாள், தினமும் சுவிட்சைப் போட்டாள். அதாவது தினமும் முந்தைய நாள் சேவ் மெமரி கார்டுக்கு ஒழுங்காக நகலாகியிருக்கிறது. பரீட்சை நடந்த நாட்கள் முழுக்க அந்த மெமரி கார்டில் ஒரு நல்ல சேவ் இருந்தது. கடைசி ஒரு நாள் ஆட்டம் மட்டும்தான் அதில் குறைந்திருக்கும். பரீட்சை முடிந்து அவள் ஆசையாகச் சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில், கார்டு தன் கடமை என்று நினைத்து, செத்துப்போன எஸ்ரேமில் இருந்த குப்பையை அந்த நல்ல கோப்பின்மேல் எழுதிவிட்டது. சேர்வா பீரோவுக்குள் இருந்தபோது தொலையவில்லை. வெளியே எடுத்தபோதுதான் தொலைந்தது.

இதைத் தடுக்க என்ன செய்திருக்கலாம் என்று ரொம்ப யோசித்தேன். எஸ்ரேமின் ஒரு மூலையில் தெரிந்த சில பைட்டுகளை எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அவை அப்படியே இருந்தால் மட்டும் நகலெடு, மாறியிருந்தால் தொடாதே என்று செய்யலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் எமரால்டு 32 பகுதிகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டு பிரதிக்கு 28, ஹால் ஆஃப் ஃபேம் என்ற வெற்றிப் பதிவுக்கு 2, மீதி இரண்டும் வேறு பதிவுகளுக்கு. மூலை என்று ஒன்று மிச்சமில்லை. 128 கிலோபைட்டைவிடக் கொஞ்சம் பெரிய எஸ்ரேம் வைத்தால் முடியும். அதற்குக் காசு ஆகும் என்பார்கள். சரி, காசே ஆகாத வழி ஒன்று இருக்கிறது. பழைய கோப்பை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதியதை எழுதலாம். ஒரு சேவ் 128 கிலோபைட். ஒரு ஜிகாபைட்டில் அப்படி 8,192 பிரதிகள் அடங்கும். இன்று 32 ஜிகாபைட்டுக்குக் குறைந்த மெமரி கார்டு கடையில் தேடினால்தான் கிடைக்கும். கடைசிப் பத்துச் சேவ் கோப்புகளைத் தனியாக வைத்திருப்பதற்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிரலில் சில வரிகள், சுவிட்ச் போட்டதும் கண் சிமிட்டும் நேரம் கூடுதல் காத்திருப்பு. அவ்வளவுதான் செலவு.

அந்தப் பிள்ளை கேட்டதற்கும் இதில்தான் என் பதில் இருக்கிறது. கேம் 'சேவ் ஆச்சு' என்று சொல்வதை நிறுத்த முடியாது. அது 2004, 2005-இல் தனக்குத் தெரிந்த சிப்பை நம்பி எழுதப்பட்ட வரி. ஆனால் கார்டுக்கு உண்மை தெரியும். கேமின் காதில் வேறொன்றைச் சொல்லி நம்பவைத்ததே அதுதான். அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகு கேம் கொடுத்த வாக்கையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் ஒரு வரி போதும்: இந்த கேமின் கடைசிச் சேவ் மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது, அல்லது எஸ்ரேமில் இருப்பது ஒழுங்காகத் தெரியவில்லை, பழையதை வைத்துக்கொள்ளவா? பேட்டரி எத்தனை வோல்ட் என்று காட்டினாலும் நல்லது.

நிண்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான டிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். அங்கே கதை வேறு. டிஎஸ் கேசட் முகவரி வரைபடத்தில் வராது. கருவி கட்டளை கொடுத்துக் கேட்கும், கேசட் தரும், வந்தது 4 மெகாபைட் நினைவகத்தில் உட்காரும். அதனால் ஃப்ளாஷ் கார்டு கேட்டபோது கேட்டதை மெமரி கார்டிலிருந்தே எடுத்துக் கொடுக்க முடிகிறது. மெமரி கார்டு மந்தமாக இருந்தால் நடுவில் வரும் வீடியோ திக்கும், அவ்வளவுதான். சேவ் செய்வதையும் வழியிலேயே பிடித்து நேராகக் கோப்பில் எழுதிவிடுகிறார்கள். பல கார்டுகள் 512 கிலோபைட் கோப்பை முன்கூட்டியே உண்டாக்கி வைத்துவிடும், ஆட்டத்தின் நடுவே கோப்பு அட்டவணையைத் தொட வேண்டியிராது. பேட்டரி என்ற பேச்சே இல்லை.

கேம்பாய் அட்வான்ஸுக்கும் இப்போது நல்ல வழி வந்துவிட்டது. எஸ்ரேமுக்குப் பதில் எஃப்ரேம் என்ற சிப்பு. எஸ்ரேம் போலவே உடனுக்குடன் எழுதும், மின்சாரம் இல்லாமலே பிடித்துவைக்கும். லட்சம் கோடி தடவைக்கு மேல் எழுதினாலும் தாங்கும் என்று குறித்த எஃப்ரேம் சிப்புகள் நிறைய உண்டு. ஒமேகாவின் டெஃபனிட்டிவ் எடிஷனில் சேவ் அதில்தான் நிற்கிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதுல பேட்டரி எங்க?" எமரால்டை மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், அது முடிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டாள். இப்போது ஃபயர்ரெட் என்ற இன்னொரு போக்கிமான் கேம் ஆடுகிறாள். அங்கே ஆரம்பத்தில் ஸ்குவர்ட்டில் என்ற போக்கிமானை எடுத்திருக்கிறாள், இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஞாயிறு தோறும் மெமரி கார்டைக் கழற்றிச் சேவ் கோப்பை லேப்டாப்பில் தேதி போட்ட ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறாள். மச்சான் சொல்லிக் கொடுத்தார்.

இனி யாராவது என்னிடம் எத்தனை செகண்டில் லோட் ஆகும் என்று கேட்டால், கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். சேவ் எதில் நிற்கிறது, எஸ்ரேமா எஃப்ரேமா? எஸ்ரேம் என்றால், மெமரி கார்டில் ஏற்கெனவே இருக்கும் சேவ் கோப்பை அழிப்பதற்கு முன் நகல் வைக்கிறதா? பதில் தெரியாது என்று சொன்னால், கார்டை வாங்கியதும் ஏதாவது ஒரு கேமில் கொஞ்ச தூரம் போய் சேவ் செய்யுங்கள். ஒரு தடவை அணைத்துப் போட்டு, கோப்பு மெமரி கார்டுக்கு வந்ததும் அதை லேப்டாப்பில் எடுத்து வையுங்கள். அப்புறம் கேசட்டைக் கருவியிலிருந்து கழற்றி ஒரு மாதம் டிராயரில் போடுங்கள். மாதம் கழித்து எடுக்கும்போது, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் மெமரி கார்டை இன்னொரு தடவை நகலெடுத்துக்கொள்ளுங்கள், பிறகு போட்டுப் பாருங்கள்.